எரியாத சான்றிதழ்கள்

மேசை தரையோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தது. கதிரைகளும் அப்படித்தான். கிட்ட இழுக்கவும் முடியாது, தள்ளி வைக்கவும் முடியாது. அதனால் அன்ரனும் நானும் எந்தப் புதன்கிழமையும் ஒரே தூரத்தில்தான் இருந்தோம்.

அன்று மேசையில் ஒரே ஒரு கடதாசி கிடந்தது. அதன் அடியில் கையெழுத்துக்கான கோடு. அன்ரன் பேனையைப் பிடித்தபடி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே குழல் விளக்கு இரைந்துகொண்டிருந்தது. வெளியே யாரோ தரை துடைத்திருக்க வேண்டும். எலுமிச்சை வாசம் போட்ட மருந்து நெடி கதவுக்குக் கீழால் வந்தது.

"வையுங்கோ அன்ரன். ஒரு கையெழுத்துத்தானே" என்றேன்.

"உதில என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சனீங்களோ அக்கா?"

வாசித்திருந்தேன். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை எந்த நாட்டிலும் நான் முடிக்கவில்லை என்று உறுதி கூறும் ஒரு வரி. அதில் ஒப்பமிட்டால் ஊரில் ஏ.எல். என்கிற பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான பரீட்சையை அவர் மறியலுக்குள், இந்தச் சிறைக்குள் இருந்தே எழுதலாம். ஒப்பமிடாவிட்டால் எழுத முடியாது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையோடு பெயர்ப்பட்டியலை மூடிவிடுவார்கள்.

"இதில என்ன வெக்கம்? படிக்கேல்ல எண்டால் படிக்கேல்ல. உள்ளதைச் சொல்லுறதுக்கு என்ன பயம்?" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அன்ரன் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் ஏ.எல். எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சனீங்கள் அக்கா?"

யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். ஆர்ட்ஸ் என்றும் சேர்த்துச் சொன்னேன். யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது.

"அதுதான்" என்று அவர் பேனையைக் கீழே வைத்தார். "படிச்ச ஆக்களுக்கு இது விளங்காது."

நான் ஏ.எல். படித்ததே இல்லை.

இந்தப் பேப்பரில் வரும் இந்தத் தொடரில் இதுவரை இருபத்தேழு வாரம் எழுதிவிட்டேன். ஸ்காபரோவில் நாங்கள் இருந்த முதல் நிலக்கீழ் அறையைப் பற்றி எழுதினேன், பனிச் சப்பாத்தைப் பற்றி எழுதினேன், என்னவர் செத்துப்போன ஆஸ்பத்திரியைப் பற்றிக்கூட எழுதினேன். இதை மட்டும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்குக் காரணம் யூனியன்வில்லில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்ரேப்பிள் கம்பி

என்னவர் போன பிறகு வீட்டில் சும்மா இருந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குக் குழுவோடு சேர்ந்தேன். அவர்கள் மறியலில் இருப்பவர்களைப் பார்க்கப் போகிறவர்கள். ரொறொன்ரோவிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம். ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டினால் புது வீடுகள் முடிந்து சோளக் காணிகள் தொடங்கும், அதற்கும் அப்பால். செபமாலை சொல்லத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்தேன். அங்கே படிப்புக்குப் பொறுப்பான வெள்ளைக்காரப் பெண்மணி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்குப் பின்னம் கூட்டத் தெரியுமா?" என்பது.

தெரியும் என்றேன். அது உண்மை. ஏன் தெரியும் என்பது வேறு கதை.

போனையும் கார்த் திறப்பையும் வாசலில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். பயிற்சித் தாள்களில் ஸ்ரேப்பிள் கம்பி இருக்கக்கூடாது. செவ்வாய்க்கிழமை காலையில் தேத்தண்ணியும் கையுமாகக் குசினி மேசையில் இருந்து கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவேன். கழற்றிய தாள்கள் காரில் குலைந்து, கணக்குத் தாளுக்குள் விஞ்ஞானம் புகுந்து, உள்ளே போய் அடுக்கவே கால்மணி நேரம் போய்விடும். பொடியன்களும் பெரிய மனிதர்களுமாக ஆறு பேர் வருவார்கள். அவர்களில் தமிழர் அன்ரன் ஒருவர்தான்.

அன்ரன் என்பது அவருடைய உண்மையான பெயர் இல்லை. மன்னார்ப் பக்கத்து ஆள், நாற்பத்தாறு வயது, பெரிய ரக் லொறி ஓட்டியவர். குடித்துவிட்டு ஒரு சந்தியில் இன்னொருவரின் காரை அடித்துவிட்டு நிற்காமல் போனார். அடுத்த சந்தியில் பொலிஸ் பிடித்தது. அடிபட்ட மனிதர் இன்றைக்கும் தடி ஊன்றித்தான் நடக்கிறார். அன்ரன் இதைச் சொல்லும்போது ஒன்றையும் குறைத்துச் சொல்லமாட்டார். "நான் செய்தது. ஓடினதும் நான்தான்" என்பார்.

செய்த குற்றத்தை இப்படி ஒளிக்காமல் சொல்கிற மனிதர், எழுதாத ஒரு பரீட்சையை இருபத்திரண்டு வருடமாக ஒளித்து வைத்திருந்தார்.

கனடாவில் இருந்த மாமன் இவருக்குப் பெண் பார்த்தபோது விபரக் கடதாசியில் 'ஏ.எல். கணிதம்' என்று எழுதி அனுப்பிவிட்டார். பெண்ணின் தகப்பன் அதற்குக் குறைந்தவர்களைத் திரும்பியும் பார்க்கமாட்டார் என்பது மாமனுக்குத் தெரியும். அன்ரன் எழுதவில்லை. எழுதியதை இல்லை என்று சொல்லவுமில்லை. கலியாணம் முடிந்தது. பிறகு எந்த நாளில், எந்த வேளையில் போய் அதைச் சொல்வது?

மறியலுக்கு வந்த முதல் நாள் படிப்பைப் பற்றிக் கேட்டபோதும் பழக்கதோஷத்தில் ஏ.எல். என்றே சொன்னார். சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். சண்டையில் எரிந்துபோனது என்றார்.

பதினொரு பேர், பதினொரு தீ

அந்தப் பதிலைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நான் முதலில் கேட்டது மறியலில் அல்ல. கார்களுக்கு வயர்க்கட்டு பின்னும் எங்கள் தொழிற்சாலையில்.

அங்கே எங்கள் வரிசையில் தமிழர் பதினொரு பேர். காலை ஏழு மணிக்கு நின்றால் மூன்றரை வரை நிற்க வேண்டும். சிவப்பு வயர், மஞ்சள் வயர், கறுப்பு வயர். கண்ணை மூடினாலும் அந்த நிறங்கள்தான் ஓடும். ஒரு நாள் சாப்பாட்டறைச் சுவரில் அறிவித்தல் ஒட்டினார்கள். வரிசைத் தலைவர் வேலைக்கு ஆள் தேவை. பன்னிரண்டாம் வகுப்பு அல்லது அதற்குச் சமமான படிப்பு, அத்தாட்சியுடன்.

பதினொரு பேரும் விண்ணப்பித்தோம். பதினொரு பேருக்கும் சான்றிதழ் எரிந்துபோயிருந்தது.

கொம்பனியில் ஆட்களைச் சேர்க்கிற பெண் முதல் இரண்டு பேருக்கும் கண் கலங்கினாளாம். நாலாவது ஆளுக்குத் தண்ணீர் கொடுத்தாளாம். ஏழாவது ஆள் நான். என்னைப் பார்த்து, "உங்களுடையதும் வீட்டோடா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் ஓம் என்றேன். எங்கள் வீடு ஒருக்காலும் எரியவில்லை. ஏ.எல்.லுக்கு முந்திய ஓ.எல். பரீட்சை எழுதினேன், கணக்கில் சித்தியடையவில்லை. இரண்டாம் தரமும் எழுதினேன், அதிலும் இல்லை. மூன்றாம் தரம் எழுதுவதற்குள் கனடாவிலிருந்து கலியாணம் பேசி வந்தது.

பேசிக்கொண்டு வந்தவள் என்னவரின் தங்கை. இப்போது யூனியன்வில்லில் இருக்கிற என் மச்சாள். "மச்சாள் என்ன படிச்சிருக்கிறா?" என்று கேட்டாள். என் அம்மா நான் வாயைத் திறக்க முதலே "ஏ.எல். ஆர்ட்ஸ்" என்றார். மச்சாள் அதைத் தன் தமையனுக்கு எழுதினாள். பிறகு முப்பத்தைந்து வருடமாக எல்லோருக்கும் சொன்னாள். பிறந்தநாள், பூப்புனித விழா, செத்தவீடு எதுவென்றாலும் புது ஆட்களிடம் என்னைக் காட்டி, "எங்கட மச்சாள் அந்தக் காலத்திலயே ஏ.எல். ஆர்ட்ஸ்" என்பாள். என்னைப் பற்றி அவள் பெருமைப்படுகிற விஷயம் அது ஒன்றுதான் என்றும் சில நேரம் நினைத்திருக்கிறேன்.

தொழிற்சாலைக்குத் திரும்புகிறேன். பதினொரு பேரில் எட்டாவது செல்வண்ணை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். அதிகம் பேசமாட்டார். மதியத்தில் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, நாங்கள் எறிகிற இங்கிலீஷ் பேப்பரில் குறுக்கெழுத்துப் போடுவார். அவர் உண்மையிலேயே ஏ.எல். சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டவர். ஒரு வருடம் படித்துமிருந்தார். அவருடைய வீடு உண்மையிலேயே எரிந்தது. அலுமாரியோடு எல்லாம் போனது.

அவர் உள்ளே போய் அதைச் சொன்னபோது அந்தப் பெண் கையிலிருந்த பேனையைக்கூட எடுக்கவில்லையாம். எட்டாவது தீயை யார் நம்புவார்கள்?

"நான் உண்மையத்தான் சொன்னனான்" என்று வெளியே வந்து எங்களிடம் சொன்னார். நாங்களும் "ஓமண்ணை, நாங்களும்தான்" என்றோம். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குறுக்கெழுத்தை எடுத்தார். கொழும்புக்கு எழுதிப் பிரதி எடுக்கலாம் என்று யாரோ சொன்னபோது, வேண்டாம் என்று கையைக் காட்டினார். இளைப்பாறும் வரை வரிசையில் நின்றே வேலை செய்தார். நாங்கள் செய்தது அநியாயம். அதை அன்றைக்கு யாரும் அநியாயம் என்று நினைக்கவில்லை என்பது அதைவிட அநியாயம்.

ஒரு கதிரை

அந்த வேலைக்கு அந்த முறை ஒருவரையும் எடுக்கவில்லை. அடுத்த முறை எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்று பின்னேரமே, வளர்ந்தவர்களுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் போய்ப் பெயர் பதிந்தேன்.

வீட்டில் கொம்பியூட்டர் வகுப்பு என்று சொன்னேன். ஏ.எல். படித்தவள் பத்தாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்குகிறாள் என்று எப்படிச் சொல்வது? இரண்டு குளிர்காலம், செவ்வாயும் வியாழனும், ஐந்தரை மணி வகுப்பு. என்னவர் பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் சுட்டுக் கொடுப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கொம்பியூட்டரில் ஏதோ வரவில்லை என்றார். நானும் அதைத் தட்டிப் பார்த்து, "இது பழைய மொடல்" என்றேன். அவர் தலையாட்டினார்.

என் பக்கத்தில் இருந்தவள் ஒரு ஜமேய்க்காப் பெண். முதியோர் இல்லத்தில் வேலை. அவளுக்கும் பின்னம் வராது. எனக்கும் வராது. வாத்தியார் ஒரு அப்பத்தை வெட்டுவதுபோல வட்டம் கீறி விளங்கப்படுத்திய நாளில் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் பிடிபட்டது. அவள் மேசையில் அடித்துச் சிரித்தாள்.

கணக்கில் எழுபத்தெட்டு எடுத்தேன். சான்றிதழ் கனமான தாளில், பொன்நிற முத்திரையோடு தபாலில் வந்தது. தையல் மெஷின் பெட்டிக்குள், துணி வெட்டும் கத்தரிக்குக் கீழே வைத்தேன். ஒரு பிரதி கொம்பனிக்குப் போனது.

அந்தக் கடதாசிக்கு என்ன பெறுமதி என்று யாராவது கேட்டால், ஒரு கதிரை என்பேன். வரிசைத் தலைவருக்கு ஒரு உயரமான கதிரை உண்டு. பதின்மூன்று வருடம் நின்ற கால் அதில் ஏறி இருந்தது. அறிவு கூடியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வயர் பின்னுவதற்குப் பின்னம் தேவையில்லை. ஆனால் கடதாசி உள்ளவர் இருப்பார், இல்லாதவர் நிற்பார். நான் பார்த்த உலகம் அவ்வளவுதான். என் வயதுக்காரிகள் முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு திரிகிறார்கள். நான் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி மறியலுக்குப் போகிறேன்.

இதை என்னவருக்குச் சொல்லியிருக்கலாம். சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். சொல்லவில்லை. அவர் போய் ஆறு வருடமாகிறது.

கச்சேரிக்காரன்

அன்ரனின் விஷயம் கொஞ்சம் அவசரமானது. வெளியே போனதும் ரக் ஓட்ட முடியாது, லைசென்ஸ் போய்விட்டது. விட்பியில் அவருடைய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெல்டிங் பயிற்சி இருந்தது. முடித்தால் வேலை நிச்சயம். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கடதாசி வேண்டும். இல்லாவிட்டால் ஏஜென்சிக்காரர் ஒவ்வொரு காலையும் எந்தக் குடோனுக்கு ஏற்றுகிறார்களோ அங்கே போய்ப் பெட்டி தூக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில், மறியலுக்குப் போனவன் என்ற பெயரோடு.

படிப்புக்குப் பொறுப்பான பெண்மணி நல்ல மனுஷி. அன்ரனின் கோப்பைப் பார்த்து, "நீங்கள்தான் படித்து முடித்தவராயிற்றே. உங்கள் நாட்டிலிருந்து பிரதி எடுப்பியுங்கள், போதும்" என்றார்.

அன்ரனின் மனைவியை றெஜினா என்று வைத்துக்கொள்வோம். இதைக் கேள்விப்பட்டதும் அவர் உடனே காரியத்தில் இறங்கிவிட்டார். அவருடைய தம்பி யாழ்ப்பாணத்தில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், உத்தியோகம். எந்தக் கடதாசி எந்த மேசையில் கிடக்கும் என்று தெரிந்தவர். கொழும்பில் பரீட்சைப் பெறுபேறுகள் வைத்திருக்கும் இடத்துக்கு அன்ரனின் பெயரும் பள்ளிக்கூடமும் வருடமும் எழுதி விண்ணப்பம் போனது.

"அவன் விடமாட்டான் அக்கா" என்று அன்ரன் என்னிடம் சொன்னார். அடிபட்ட மனிதரைப் பற்றிச் சொல்லும்போதுகூட அவருடைய குரல் அப்படி இறங்கியதில்லை. "நான் ஓ.எல். மற்ஸே கோட்டை விட்டனான். கப்பல்ல போன சாமானைத் தேடுற மாதிரி அவன் என்ர ஏ.எல்.லைத் தேடுறான்."

அப்போதுதான் நான் இங்கேயே பரீட்சை எழுதச் சொன்னேன். பெண்மணி அந்த ஒரு வரிக் கடதாசியைத் தந்தார். அதில் ஒப்பமிட்டால் அது கோப்புக்குள் போகும். வெளியே விடுவதற்கு முன் குடும்பத்தையும் இருத்தி ஒரு கூட்டம் நடத்துவார்கள். கோப்பை அங்கே விரிப்பார்கள். றெஜினா எதிரில் இருப்பார்.

முதலில் சொன்ன அந்தக் கதிரையில் இருந்துதான் அன்ரன் என்னிடம் கேட்டார், ஏ.எல். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தனீங்கள் என்று.

புதனிலிருந்து புதன்வரை

அந்த ஒரு வாரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. 'படிச்ச ஆக்களுக்கு விளங்காது.' நான் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அந்த இடத்திலேயே கையெழுத்து வைத்திருப்பார். மறியலில் இருக்கிற ஒருவரிடம்கூட என் பொய்யை விட எனக்கு மனம் வரவில்லை. ஆருக்குப் பயந்தேன்? அங்கே மச்சாள் இல்லையே.

அடுத்த புதன் வந்தது, பட்டியல் மூட இரண்டு நாள் இருந்தது. சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு போனேன். காரில் வசனத்தைக்கூடப் பாடமாக்கினேன். 'அன்ரன், நான் போன கிழமை சொன்னது பொய்.' அவ்வளவு சின்ன வசனம்.

அன்ரன் எனக்கு முதல் வந்து இருந்தார். கடதாசியில் கையெழுத்து இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை மனிசி பாக்க வந்தவ" என்றார். "கொழும்பில இருந்து கடிதம் வந்திட்டுதாம், தம்பி தபால்ல போட்டிட்டானாம் எண்டு சொன்னா. நான் யோசிச்சன். கடிதம் வாறதுக்கு முதல் நான் முந்தோணும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்ல. சாப்பிட்டனீங்களோ எண்டு கேட்டா. பிறகு எழும்பிப் போயிட்டா."

நான் பாடமாக்கிய வசனம் எனக்குத் தேவைப்படவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பரீட்சைக்கு ஐந்து பாடம். அவருக்கு இங்கிலீஷ் கட்டுரைதான் கரைச்சல். ஒரு பந்தியோடு நிறுத்திவிடுவார். கணக்கு அப்படியில்லை. எழுத்தில் வராத பின்னத்தை ரக் அச்சில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று கேட்டால் தலைக்குள்ளேயே சொல்லிவிடுவார். மனதில் வந்ததைத் தாளில் இறக்கப் பழகுவதுதான் எங்கள் வேலையாக இருந்தது. அதற்கு நானும் வாத்தியாரின் அப்பத்தைத்தான் கீறினேன்.

பரீட்சை ஆனி மாதம் அளவில் நடந்தது. ஐந்திலும் சித்தி.

வெட்டி வந்த கேக்

மறியலிலும் பட்டமளிப்பு விழா உண்டு. அந்த முறை நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு விருந்தாளி. கத்தி உள்ளே வரக்கூடாது என்பதால் கேக் துண்டு துண்டாக வெட்டியே வந்தது. மேலே எழுதியிருந்த வாழ்த்து எழுத்துகள் ஆளுக்கு ஒன்றாகப் போயின. கோப்பி தண்ணீராக இருந்தது. பெயர் கூப்பிடும்போது காவலாளிகளும் கை தட்டினார்கள்.

றெஜினாவை அன்றுதான் முதலில் பார்த்தேன். பல்வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்பவர். நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். அன்ரன் சான்றிதழை அவரிடம் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கி, பெயரிலிருந்து கீழே முத்திரை வரை ஒரு சொல் விடாமல் வாசித்தார். பிறகு, "கேக் சாப்பிடுங்கோ" என்றார்.

முடிந்த பிறகு வாசல் பெட்டியடியில் நாங்கள் இருவரும் எங்கள் பொருட்களை எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் கைப்பையைத் திறந்து சான்றிதழை வளையாமல் உள்ளே வைக்கப் பார்த்தார். உள்ளே ஏற்கெனவே ஒரு நீட்டுக் கடித உறை இருந்தது. இலங்கை முத்திரை. மூலைகள் தேய்ந்து போயிருந்தன. ஒட்டியபடியே இருந்தது.

நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"தம்பி அனுப்பினது" என்றார். "இவர் சொல்லி நாலாம் நாள் வந்தது."

"திறக்கேல்லையோ?"

"இல்லை." உறையை ஒருக்கால் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "அவர் சொல்லிப்போட்டார்தானே அக்கா. பிறகென்னத்துக்குக் கொழும்பைக் கேக்கிறது?"

அவர் கைப்பையை மூடினார்.

"எனக்கு முதலே தெரியும். மகள் மூண்டாம் வகுப்பில பின்னம் கேட்டுக்கொண்டு போனால் இவர் உடன கராஜுக்குப் போயிடுவார். ஏ.எல். மற்ஸ் படிச்ச மனுசன் ஒருக்காலும் அப்பிடி ஓடாது." சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டார். "எண்டைக்கெண்டாலும் தானா வந்து சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். இருபத்திரண்டு வருசம். அவருக்கு அதைச் சொல்ல மறியலுக்கு வரவேண்டிக் கிடந்தது."

வாகனத் தரிப்பிடத்துக்கு நடந்தோம். காற்றில் மழை வாசம். தன் காரடியில் நின்று றெஜினா திரும்பினார்.

"நீங்கள் படிச்சனீங்கள், படிச்ச ஆளா இருந்தும் இவ்வளவு தூரம் வாறியள் எண்டு இவர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். எந்த ஸ்கூல் அக்கா நீங்கள்?"

"மழை வரப்போகுது" என்றேன். "கவனமா ஓடுங்கோ."

வீடு வரும் வரை எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது. அன்ரன் இன்னும் உள்ளே இருந்தார். றெஜினா தனியாக விட்பிக்கு ஓடிக்கொண்டிருந்தார். பொறாமைப்படும்படியாக அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் பட்டேன். என்னவரும் அப்படிப் பார்த்துக்கொண்டு இருந்தாரா? 'பழைய மொடல்' என்று நான் சொன்னபோது தலையாட்டினாரே, அது என்ன தலையாட்டல்? இனி யாரிடம் கேட்பது?

யூனியன்வில்

அன்ரன் இப்போது வெல்டிங் வேலையில் இருக்கிறார். அது நின்று செய்கிற வேலை. கதிரை கிடைக்கவில்லை என்று போனில் சொல்லிச் சிரித்தார். இதை எழுதலாமா என்று கேட்டேன். "பேரை மாத்திப் போடுங்கோ. றெஜினாவுக்கும் சம்மதம்" என்றார். "உங்களைப் பற்றியும் வருமோ அக்கா?" என்றும் கேட்டார்.

வரும் என்றேன். என்ன வரும் என்று சொல்லவில்லை. விட்பிக்கும் இந்தப் பேப்பர் போகிறது. வாசிக்கட்டும். மேசையில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டியதை அவர் பேப்பரில் வாசிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு என்னை மன்னிக்கட்டும். செல்வண்ணைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவர் போய் மூன்று வருடம்.

மச்சாள் இருக்கிறாள். இந்தத் தொடரை முதலில் வாசிக்கிறவள் அவள்தான். வெள்ளிக்கிழமை காலையில் தமிழ்க் கடையில் மரக்கறியோடு பேப்பரையும் எடுப்பாள். வீட்டுக்குப் போய்ப் பையை அவிழ்க்க முதல் வாசிப்பாள். பதினொரு மணிக்குப் போன் அடிக்கும். ஒரு வாரமும் தவறியதில்லை. "மச்சாள், சப்பாத்து கறுப்பில்லை, மண்ணிறம்." "மச்சாள், அண்ணை வாங்கினது சனிக்கிழமை இல்லை, வெள்ளி." நான் எழுதுவதில் பிழை பிடிப்பதுதான் அவளுக்கு வாரம் முழுவதற்குமான சந்தோஷம்.

என் வீட்டுத் திறப்பு ஒன்று அவளிடம்தான் இருக்கிறது. கண் டொக்டரிடம் கூட்டிப்போகிறவளும் அவள்தான். பிள்ளைகள் தூரத்தில். அவளும் கோபித்துக்கொண்டால் எனக்கு இந்த ஊரில் வேறு ஆள் இல்லை. முப்பத்தைந்து வருடமாக அவள் சபையில் சொல்லிவந்த ஒன்றை நான் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் இல்லையென்கிறேன். கோபம் வரும். வரத்தான் வேண்டும்.

தையல் மெஷின் பெட்டியைத் திறந்து அந்தச் சான்றிதழை எடுத்துக் குசினி மேசையில் வைத்திருக்கிறேன். கத்தரியின் துரு ஒரு மூலையில் பிடித்திருக்கிறது. பெயர் தெளிவாக இருக்கிறது. கணக்கு எழுபத்தெட்டு.

மச்சாள், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போனடியில் இருப்பன். இந்த வாரம் எழுதினதில் ஒரு பிழையும் இல்லை.